சேகருக்கு, படகின் பழைய சாமான்கள் பற்றி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். மற்ற விசாரிப்பெல்லாம் அப்புறம். நீ அனுப்பிய படங்களைப் பார்த்த கையோடு எழுதுகிறேன். 'எல்லாத்தையும் கழற்றிப் போட்டுட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாட்டப்போறேன்' என்று எழுதியிருக்கிறாயே, கொஞ்சம் பொறு. நீ தூக்கிப் போட நினைப்பதில் பாதி நல்ல சாமான். வைத்துக்கொள்ள நினைப்பதில்தான் எமன் இருக்கிறான்.

கயிறு கட்டும் கிளீட்டெல்லாம் களிம்பேறி அசிங்கமாக இருக்கிறது, சரி. அது வெண்கலம், களிம்பு மேலோடு நிற்கும், உள்ளே உலோகம் அப்படியே இருக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து அரைமணி ஊறவை, நைலான் பிரஷால் தேய், சமையல் சோடா கரைத்த நீரில் அலசி உடனே துடை. இரும்பு நார் வேண்டாம். துகள் ஒட்டிக்கொண்டு துருப்புள்ளி போடும். பித்தளைக்கு அம்மோனியா கலந்த பாலிஷ் கூடவே கூடாது, இறுக்கத்தில் இருக்கும் பித்தளை அதில் விரிசல் விடும். பஃபிங் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடி ஆக்கும் ஆசையையும் விடு. வார்ப்பில் உள்ள எழுத்து மழுங்கினால் திரும்ப வராது. வாத்தியாரின் மேசை மணியை நீ என்ன செய்தாய் என்று நான் மறக்கவில்லை!

குரோம் பூசிய கைப்பிடிகளில் கொப்புளம் கிளம்பி வெண்பொடி உதிர்ந்தால் உள்ளே இருப்பது துத்தநாக வார்ப்பு. மறுபூச்சு போட்டு மல்லுக்கட்டாதே, மாற்றிவிடு.

இனி, என்னைக் கவலையில் போட்ட விஷயம். எஞ்சினுக்குக் கடல்நீர் எடுக்கும் வால்வு படத்தில் தகதகவென்று இருக்கிறது. எனக்கு அது மஞ்சள் பித்தளையாகத்தான் தெரிகிறது. அதில் 40 சதவீதம் வரை துத்தநாகம் இருக்கும். கடல்நீர் துத்தநாகத்தை மட்டும் கரைத்தெடுத்துவிடும். மிஞ்சுவது பஞ்சு மாதிரி செம்பு. உருவம் மாறாது, மரைகூட அப்படியே தெரியும். ஒருநாள் கைப்பிடியைத் திருப்பும்போது வால்வு முறிந்து கையோடு வந்துவிடும், ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே பாயும். படகு கரையில் இருக்கும்போதே மறைவான ஓரத்தில் அரத்தால் நன்றாக உரசிப் பார். மஞ்சளாகப் பளிச்சிட்டால் உயிர் இருக்கிறது. வெளிர் சிவப்பாக, பொருபொருவென்று வந்தால் செத்துவிட்டது. அமிலத்தில் ஊறிய பித்தளையும் மேலுக்குச் சிவக்கும், ஆனால் அது ஒரே இழுப்பில் போய்விடும் படலம். அதனால்தான் ஆழமாக உரசச் சொல்கிறேன்.

மாற்றுவதானால் வெண்கல வால்வு, இல்லையென்றால் துத்தநாகம் கரையாத டிஇசட்ஆர் பித்தளை. 'மாங்கனீஸ் வெண்கலம்' என்று யாராவது நீட்டினால் வாங்காதே, அதுவும் துத்தநாகம் நிறைந்த பித்தளைதான். மரையையும் பார்த்து வாங்கு. படகின் அடி ஓட்டையில் பொருத்திய குழாயில் நேர்மரையும் வால்வில் கூம்புமரையும் இருந்தால் சில சுற்றிலேயே இறுகிவிடும். கைக்கு இறுக்கமாகத் தெரியும், பிடிப்பு மட்டும் இருக்காது. போல்ட்டிலும் இந்தத் தொல்லை உண்டு: பழைய பிரிட்டிஷ் மரையான விட்வொர்த்தில் அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க மரையான யூஎன்சியில் 13. நட்டு கொஞ்சம் ஏறிவிட்டுச் சிக்கிக்கொள்ளும், நீ ஸ்பேனரைத் திட்டுவாய்.

நீர்மட்டத்துக்குக் கீழே ஸ்டெயின்லெஸ் திருகாணி ஏன் கூடாது என்று கேட்பாய். ஈர மரத்துக்குள் ஆக்ஸிஜன் கிடையாது, அது இல்லாமல் அந்த எஃகின் காப்புப் படலம் நிற்காது. தலை பளபளவென்று இருக்கும், உள்ளே கழுத்து கரைந்து பாதியாகியிருக்கும். சிலிக்கன் வெண்கலத் திருகாணி போடு. அது மெத்தென்ற உலோகம், நேரடியாக முறுக்கினால் தலை பிய்ந்துவிடும். வழித்துளை போட்டு, அதே அளவு எஃகுத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்கி மரை வெட்டிக்கொள். பிறகு வெண்கலத்துக்கு மெழுகு தடவி ஏற்று.

பழையதைக் கழற்றும்போது அவசரப்படாதே (உனக்கா சொல்கிறேன்!). திருகாணித் தலையின் காடியில் உள்ள பெயிண்டை உடைந்த ஹாக்ஸா பிளேடால் சுரண்டு. காடி முழுக்க நிறையும் திருப்புளியாக எடு. முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூலளவு அசை, பிறகு தளர்த்து. மசியாவிட்டால் சால்டரிங் அயர்னைத் தலையில் வைத்துச் சூடேற்றி ஆறவிடு. முறிந்தால் குழல் வெட்டியால் திருகாணியைச் சுற்றி மரத்தை அறுத்தெடுத்து, அந்தத் துளையைக் கட்டை ஒட்டி மூடு. கட்டையின் நார் பலகையின் நாரோடு போகட்டும். கடைசல் குச்சியைச் செருகினால் திருகாணி நார் முனையில் இறங்கும், பிடிக்காது.

உடைந்த கிளீட்டை அச்சாக வைத்துப் புதியது வார்க்கலாம் என்று வார்ப்புக்காரர் சொல்வார். வெண்கலம் ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் சுருங்கும். 300 மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர் குறையும், பழைய துளைகள் பொருந்தாது. அச்சை அந்த அளவு பெரிதாக்கிக் கொடு. மாட்டும்போது அடியில் நீர் புகாமல் அடைக்கப் பாலிசல்பைடு பசை போதும். பாலியூரித்தேன் பசை போட்டால் அடுத்தமுறை கிளீட்டோடு பலகையும் பெயர்ந்து வரும்.

முதலில் அந்த வால்வை உரசிப் படம் அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை படகைத் தண்ணீரில் இறக்காதே.

அன்புடன்,
பாலு