தடித்த ஃபோம் போர்டை ஒரே இழுப்பில் வெட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே படச்சட்டம் போடுவது பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை பயனுள்ளது. பீடிங் எனப்படும் சட்டக் கட்டையை அளவெடுப்பது, கண்ணாடியைத் துடைத்துப் பொருத்துவது எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் பின்பலகைக்கு 10 மி.மீ. ஃபோம் போர்டு வாங்கி, கட்டரை நன்றாக அழுத்தி ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும் என்ற வரியைத் திருத்தியே ஆக வேண்டும். அதை நம்பி வெட்டினால் போர்டு வீணாகும். அழுத்திய வேகத்தில் பிளேடு ஸ்கேலின் மேல் ஏறினால் மறுகை விரலுக்கும் ஆபத்து.

ஃபோம் போர்டு என்பது ஒரே பொருள் அல்ல. மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், நடுவில் பாலிஸ்டைரீன் நுரை. தாள் மெல்லியது, ஆனால் உறுதியானது. நுரை தடிமனானது, ஆனால் மெத்தென்று இருக்கும். மழுங்கிய பிளேடை அழுத்தினால் நுரை அறுபடுவதில்லை. முதலில் அமுங்குகிறது, பிறகு பிய்கிறது. வெட்டிய விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நல்ல வெட்டு, சோப்புக் கட்டியைக் கம்பியால் அறுத்தது போல வழவழப்பாக இருக்கும். கெட்ட வெட்டு, கடித்த ரொட்டி போலக் குழிகுழியாக இருக்கும். விரலால் தடவினால் வெள்ளைத் துகள் ஒட்டும்.

வெட்டுவதற்கு முன் வாங்குவதிலேயே ஒரு தவறு நடக்கிறது. நம் ஊர்க் கடைகளில் ஃபோம் போர்டு என்று கேட்டால் பல இடங்களில் சன்போர்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது பிவிசி. இருபுறமும் தாள் இருக்காது, கனமாக இருக்கும், விளிம்பில் நகத்தை அழுத்தினால் எளிதில் பதியாது. சன்போர்டை மூன்றில் ஒரு பங்கு கீறிவிட்டு மடக்கி ஒடிக்கலாம். தாள் ஒட்டிய ஃபோம் போர்டில் அந்த வேலை நடக்காது. ஒடித்தால் அடித்தாள் கிழிந்து நீளமாக உரிந்து வரும். தவிர, பிவிசி பழசாக ஆக அமில ஆவியை வெளிவிடும் பொருள். பழைய குடும்பப் புகைப்படம், கையால் வரைந்த ஓவியம் ஆகியவற்றுக்குப் பின்னால் அதை வைக்கவே கூடாது. அமிலமற்ற தாள் ஒட்டிய ஃபோம் போர்டு கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனாலும் மூலப் படங்களுக்கு அதைத்தான் வாங்க வேண்டும்.

இனி பிளேடு. வெட்டு கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். துண்டு துண்டாக ஒடிக்கும் பிளேடை 1956இல் ஜப்பானில் ஒகாடா யோஷியோ உருவாக்கினார். உடைந்த கண்ணாடிச் சில்லின் கூர்மையையும், சாக்லேட் கட்டியில் உள்ள கோடுகளையும் பார்த்துத் தோன்றிய யோசனை அது. அந்தக் கட்டரின் வணிகப் பெயரான ஓல்ஃபா என்பதே ஒடிக்கும் பிளேடு என்ற பொருள் கொண்ட ஜப்பானியச் சொற்களிலிருந்து வந்தது. ஒடிப்பதற்காகவே செய்த பிளேடை நாம் ஒடிக்காமல் மாதக்கணக்கில் வைத்திருக்கிறோம். 16×20 அங்குலப் பலகைக்கு நான்கு பக்கமும் சேர்த்து 72 அங்குலம். மேல் தாள், நுரை, அடித்தாள் என்று பக்கத்துக்கு மூன்று இழுப்பு என்றால் 216 அங்குலம். அதாவது பிளேடின் நுனி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஓடுகிறது. ஒரு பலகை முடிந்ததும் ஒரு துண்டை ஒடித்துவிடுங்கள். தாளின் மேற்பூச்சில் களிமண் போன்ற கனிமத் தூள் கலந்திருப்பதால், பிளேடைத் தேய்ப்பது நுரையைவிடத் தாள்தான்.

9 மி.மீ. அகலமுள்ள சின்ன கட்டர் 3, 5 மி.மீ. போர்டுக்குப் போதும். 10 மி.மீ. போர்டுக்கு 18 மி.மீ. பிளேடு வேண்டும். சின்ன பிளேடை நீளமாக வெளியே தள்ளினால் அது வளையும். மேல் தாளில் கோடு நேராக இருக்கும், அடித்தாளில் இரண்டு மி.மீ. விலகியிருக்கும். பிளேடை எவ்வளவு வெளியே எடுப்பது? 30 டிகிரி சாய்வில் பிடித்தால் 10 மி.மீ. தடிமனைக் கடக்க 20 மி.மீ. பிளேடு தேவை, 45 டிகிரியில் 14 மி.மீ. போதும். ஆகவே 25 மி.மீ. வெளியே இருந்தால் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

அடியில் கட்டிங் மேட் விரிப்பது நல்லது. கிரானைட் மேடையிலோ டைல்ஸ் தரையிலோ வெட்டினால் புது நுனி முதல் இழுப்பிலேயே போய்விடும். மேட் இல்லாதவர்கள் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுகிறார்கள். அதிலும் சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் அலைமடிப்பு அமுங்குவதால் அடித்தாளுக்குத் தாங்கல் கிடைக்காமல் கிழியும். மடிப்பின் போக்கில் பிளேடும் இழுபடும். கெட்டியான பைண்டிங் அட்டை அதைவிட எவ்வளவோ மேல்.

ஸ்கேல் இரும்பாக இருக்க வேண்டும், பிளேடின் பக்கவாட்டுக்குத் தாங்கல் கொடுக்கும் அளவு தடிமனும் வேண்டும். பள்ளிக்கூட மெல்லிய ஸ்டீல் ஸ்கேல் போதாது. அதன் அடியில் உப்புத்தாளை மெல்லிய பட்டையாக நறுக்கி, சொரசொரப்பான பக்கம் போர்டைப் பார்க்கும்படி ஒட்டினால் வழுக்காது. ஆனால் பட்டை போர்டில் கீறல் போடும் என்பதால், படம் ஒட்டும் முகத்தில் வெட்டும்போது நடுவில் ஒரு தாளை வையுங்கள். ஸ்கேல் எப்போதும் நமக்கு வேண்டிய துண்டின் மேல் இருக்கட்டும். கை தவறினால் கீறல் கழிவில்தான் விழும்.

இப்போது வெட்டு. முதல் இழுப்பில் மேல் தாள் மட்டும்தான் அறுபட வேண்டும். பிளேடை நன்றாகச் சாய்த்து, பேனாவால் கோடு போடும் அளவு அழுத்தத்தோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிற்காமல் இழுங்கள். நிறுத்தித் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வடு விழும். இரண்டாம் இழுப்பில் அதே சாய்வோடு நுரையை அறுங்கள். பிளேடை ரம்பம் போல முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது, ஒரே திசைதான். 10 மி.மீ. நுரைக்கு இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தாலும் தவறில்லை. கடைசி இழுப்பில் அடித்தாள். நுனி மேட்டை லேசாகத் தொடுவது கைக்குத் தெரியும். அந்த உணர்வு வந்ததும் அழுத்தத்தைக் கூட்டாமல் அப்படியே கொண்டுபோங்கள். எல்லாம் முடியும்வரை ஸ்கேலை எடுக்கவே கூடாது.

நம்மை நோக்கி இழுத்து முடிக்கும் விளிம்பில்தான் பலருக்குத் தாள் பிய்கிறது. பிளேடு வெளியேறும் இடத்தில் நுரைக்குப் பின்னால் பிடிமானம் எதுவும் இல்லாததே காரணம். அதே தடிமனுள்ள கழிவுத் துண்டு ஒன்றை அந்த விளிம்போடு ஒட்டி வைத்து, பிளேடு அதற்குள் ஓடி முடியும்படி செய்தால் போதும். பிசிறு விழுந்தாலும் கழிவுத் துண்டில் விழும்.

வெட்டு சாய்ந்து போவது கையின் பழக்கம். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்காமல் கோட்டுக்கு நேராகத் தோளை வைத்து நில்லுங்கள்; பிளேடின் தட்டையான பக்கம் ஸ்கேலின் சுவரோடு படிந்தே போக வேண்டும். வெட்டிய துண்டை மூலைமட்டத்தில் நிறுத்திப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். பெரிய போர்டிலிருந்து எடுத்த எடுப்பில் சரியளவுக்கு வெட்டாமல், முதலில் 1 செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொண்டு பிறகு சரியளவுக்குச் சீவுவதும் நல்ல முறை. ஒல்லியான கழிவு விலகி வழிவிடுவதால் பிளேடு நெருக்கப்படாது. ஆனால் ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. மட்டும் சீவ முயன்றால் பிளேடு வெளியே வழுக்கிப் போகும்.

தஞ்சாவூர் ஓவியம் போன்ற புடைத்த வேலைப்பாட்டுக்குப் பெட்டி போன்ற ஆழச் சட்டம் போடுபவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். கற்களும் தங்கத் தாளும் கண்ணாடியில் படக் கூடாது என்பதற்காக ஃபோம் போர்டுப் பட்டையை இடையில் நிறுத்துகிறோம். அந்தப் பட்டையின் விளிம்பு கண்ணாடி வழியே கண்ணில் படும். 10 மி.மீ. அகலப் பட்டையின் மேல் ஸ்கேல் நிற்காது, ஆடும். அதே தடிமனுள்ள வேறொரு துண்டைப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை இரண்டின் மேலும் படியவிட்டு வெட்டுங்கள். உள்ளே சன்னல் போல வெட்டி எடுக்கும்போது நான்கு மூலைகளிலும் குண்டூசியை நிமிர்த்திக் குத்தி, பின்பக்கத்தில் மூலை எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையிலும் பிளேடைச் செங்குத்தாக இறக்கி, அங்கிருந்து நடுவை நோக்கி வெட்டுங்கள். மூலையை நோக்கி வெட்டினால் சாய்ந்த பிளேடு மேல் தாளைக் கோட்டுக்கு அப்பாலும் கீறிவிடும்.

சூடான கம்பியால் வெட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கம்பி நுரையை உருக்கும், தாளை அறுக்காது. கிளம்பும் புகையும் உடலுக்கு ஆகாது. தின்னர் தொட்டு விளிம்பைத் துடைப்பதும், ரப்பர் பசையால் பட்டை ஒட்டுவதும் கூடாது. அவற்றில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும். விளிம்பில் சிறு சொரசொரப்பு மிஞ்சினால் 320ஆம் எண் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, தாளிலிருந்து நுரையை நோக்கி மெல்லத் தேய்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் ஈரம் ஏறிய தாள் புதுப் பிளேடிலும் நார்நாராக எழும்பும். போர்டைப் பாலிதீன் உறையில், படுக்கைவாக்கில் வைத்துக் காப்பாற்றுங்கள்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 2 மி.மீ. கண்ணாடி, 1.5 மி.மீ. மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் சன்னல் அட்டை), படம் ஒட்டிய அட்டை 1.5 மி.மீ., அதன் பின் 10 மி.மீ. போர்டு என்றால் மொத்தம் 15 மி.மீ. இவை உட்காரும் பீடிங்கின் உள்பள்ளம் அதற்குக் குறைவாக இருந்தால் போர்டு வெளியே துருத்தும். சாதாரணப் புகைப்படத்துக்கு 5 மி.மீ. போர்டே போதும், பெரிய அளவுக்கும் ஆழச் சட்டத்துக்கும்தான் 10 மி.மீ. தேவை. நீளத்திலும் அகலத்திலும் உள்பள்ளத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. குறைவாக வெட்டுங்கள். நெருக்கிச் செருகினால் போர்டு வில்லாக வளைந்து படத்தைக் கண்ணாடியோடு தள்ளும்.

ஒடித்த பிளேடுத் துண்டுகளைக் குப்பைக் கூடையில் அப்படியே போடாதீர்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலைத்தான் அது கிழிக்கும். மூடியுள்ள பழைய மருந்து டப்பாவில் சேர்த்து, நிரம்பியதும் டேப் ஒட்டி, மேலே பிளேடு என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.

அடுத்த இணைப்பில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படச்சட்டத் தொழிலில் உள்ள வாசகர்,
மதுரை