ஏமாற்ற மலையில் ஒரு சனிக்கிழமை

மெல்பேர்ன்,
மே மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். போனில் பேசியபோது அம்மா பக்கத்தில் இருந்ததால் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லவில்லை. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் நடுவில் ஒரு பத்தியை விட்டுவிடுங்கள். எது என்று உங்களுக்கே தெரியும்.

நான் அந்தப் பழைய டீசல் ஃபோர்வீல் வண்டியை வாங்கியபோது, "ஆபீசுக்குப் போய்வர இது எதுக்குடா?" என்றீர்கள். இதற்குத்தான். நண்பர்களோடு நாலு வண்டியாகக் காட்டுக்குள் போனோம். நகரத்துக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். மலையின் பெயர் மவுண்ட் டிஸப்பாயின்ட்மென்ட், அதாவது ஏமாற்ற மலை! 1824இல் ஹியூம், ஹோவெல் என்று இரண்டு பேர், மேலே போனால் கடல் தெரியும் என்று நம்பி மூச்சு வாங்க ஏறியிருக்கிறார்கள். மரங்கள் மறைத்துவிட்டன. அந்த எரிச்சலில் வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது.

மறைத்த மரம் லேசுப்பட்டதல்ல. மவுண்டன் ஆஷ் என்கிறார்கள், நம் தைலமரத்துக்குப் பெரியண்ணன். 90 மீட்டர்கூடத் தாண்டும். 2009 பிப்ரவரி 7 அன்று இந்த மாநிலத்தில் 173 பேரைக் கொன்ற காட்டுத்தீ இந்த மலையையும் விடவில்லை. மற்ற தைலமர வகைகள் பல, எரிந்த பிறகும் அடிமரத்தில் துளிர்விடும். இது பெரும்பாலும் செத்தே போகும், ஆனால் சாகும்போது விதையைக் கொட்டிவிடும். அதனால் பல இடங்களில் ஒரே வயசுப் பிள்ளைகளாக, பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி நெருக்கியடித்து நிற்கின்றன.

‘ஆஃப் ரோடு' என்று பெயர்தானே தவிர, பாதையை விட்டு இறங்கினால் அபராதம். நம்பர் பிளேட், லைசென்ஸ் எல்லாம் காட்டுக்குள்ளும் வேண்டும். ஜூன் மாதம் மழைக்காலம் தொடங்கியதும் பல பாதைகளுக்குக் கேட் போட்டுவிடுவார்கள், பிறகு அக்டோபர் கடைசி வாக்கில்தான் திறப்பு. சேற்றில் வண்டி ஓடினால் பாதை வாய்க்காலாகிவிடும் என்பதால். அதனால்தான் இந்த மே மாத அவசரம்.

காட்டு வாசலில் முதல் வேலை, டயரில் காற்றை இறக்குவது. 38இல் இருந்ததை 24க்குக் கொண்டுவந்தோம். உங்களுக்கு நெஞ்சு பதறும், தெரியும். ஒரு பவுண்டு குறைந்தாலே வண்டியை எடுக்கமாட்டீர்களே! ஆனால் காற்றுக் குறைந்த டயர் நீளமாகத் தரையில் படிகிறது. கல்லின் மேல் ஏறும்போது அதை விழுங்கிக்கொண்டு ஏறுகிறது. வேகம் மட்டும் கூடாது.

இனி அந்தப் பத்தி. களிமண் இறக்கம், முந்தின நாள் மழை. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில் முதல் கியர். ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கைத் தொடாதே என்று லாரியில் பக்கத்தில் உட்காரவைத்து எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! பாதி வழியில் தொட்டுவிட்டேன். நாலு சக்கரமும் நின்றன, வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் மெல்ல வலதுபக்கமாகத் திரும்பியது, அந்தப் பக்கம் பள்ளம். ரேடியோவில் முன்வண்டிப் பெரியவர், அறுபதைத் தாண்டியவர், பதறாமல் சொன்னார்: "பிரேக்கை விடு. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தொடு." வழுக்கும்போது ஆக்ஸிலேட்டரா? மனசு ஒப்பவில்லை, கால் ஒப்பியது. சக்கரம் உருண்டதும் ஸ்டியரிங் கைக்கு வந்தது. கீழே சக்கரத் தடப்பள்ளத்தில் இறங்கி, நடு மேட்டில் அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உட்கார்ந்துகொள்ள, வண்டி அசையாமல் நின்றது.

இழுத்தெடுத்தது நைலான் பட்டையால். ரப்பர் மாதிரி இழுபட்டுச் சுண்டும். நான் பாட்டுக்கு முன்வண்டியின் டோ பாலில், அதாவது டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில், மாட்டப் போனேன். பெரியவர் முதல்முறையாகச் சத்தம் போட்டார். அந்த உருண்டை ஒடிந்தால் குண்டு மாதிரிப் பறந்து வருமாம், ஆள் செத்திருக்கிறார்களாம். சேஸிஸில் போல்ட் போட்ட கொக்கியில் மாட்டி, பட்டையின் மேல் கனமான போர்வையைப் போட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கவைத்த பிறகுதான் இழுத்தார். ஒரே சுண்டு. வெளியே வந்துவிட்டது.

அடுத்த இறக்கத்தில் நான் முதலில் கீழே இறங்கி நடந்து பார்த்தேன். திரும்பி வந்தபோது சாக்ஸுக்குள் இரண்டு அட்டை.

ஒன்று கேட்க வேண்டும். அந்த நாளில் சரக்கு ஏற்றிய லாரி மழையில் இப்படி வழுக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ரேடியோவில் சொல்லவும் ஆளில்லையே. அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்