கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்,

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அறுவடை இன்னும் தொடங்கவில்லை. பணம் மட்டும் மாதாமாதம் வந்துவிடுகிறது. பணம் வேண்டாம் கண்ணு, போன் பண்ணு.

நீ விரும்புகிறவரின் குடும்பம் பார்படோஸ் தீவிலிருந்து வந்தது என்று சின்னவள் சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. அந்தக் கரீபியன் தீவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1627-ல் ஆங்கிலேயர்கள் அங்கே குடியேறினார்கள். 1640-களில் கரும்பு பெருகியதும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக மனிதர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பிற்பாடு நீ இருக்கும் பிரிஸ்டல் துறைமுகத்துக் கப்பல்களும் இந்த வியாபாரத்தில் கொழுத்தன. தண்டிக்கும்போது அடிமை செத்துப்போனால் முதலாளிமேல் குற்றமில்லை என்று 1661-லேயே சட்டம் எழுதிவிட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் சங்கம் ஒன்றுக்கே அங்கே காட்ரிங்டன் என்ற தோட்டம் இருந்தது. அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரைச் சூடு போட்டிருக்கிறார்கள். சாமி பெயரைச் சொல்கிறவர்கள்!

1834 ஆகஸ்ட் 1 அன்று விடுதலை என்றார்கள். ஆனால் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை 'பயிற்சி' என்ற பெயரில் 1838 வரை அதே தோட்டங்களில், பெரும்பாலும் கூலியில்லாமல், நிறுத்திக்கொண்டார்கள். நஷ்ட ஈடு 2 கோடி பவுண்டு, அதுவும் முதலாளிகளுக்கு. பாடுபட்டவர்களுக்கு ஒரு காசு கிடையாது. அதற்காக பிரிட்டிஷ் அரசு வாங்கிய கடன் 2015-ல்தான் தீர்ந்தது. நீ இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்தது 2012-ல். உன் வரிப்பணமும் அதில் போயிருக்கிறது, அவர் வீட்டுப் பெரியவர்களின் வரிப்பணமும் போயிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த விடுதலைச் சட்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நம் நாட்டைச் சேர்க்கவே இல்லை. இங்கே சட்டம் வர 1843 ஆனது. பெரியப்பா வீட்டுப் பரணில் கிடக்கும் முப்பாட்டன் காலத்து ஓலையை நீயும் பார்த்திருக்கிறாய். நிலத்தோடு சேர்த்து யார் யாரை எழுதிக்கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கிறது. பெரியத்தை நிறத்தைப் பற்றி வாயெடுத்தால் அந்த ஓலையைக் கொண்டுவந்து முன்னால் வைப்பேன். சின்ன அத்தைக்கு நடந்தது இந்த வீட்டில் இன்னொரு முறை நடக்காது.

நீ தைரியமான பெண், அது எனக்குப் பெருமைதான். ஆனால் என்னிடம் சொல்ல ஏன் இத்தனை தயக்கம்? உன் காலேஜ் விஷயத்தில் உன் பக்கம் நின்றது யார்?

ஒன்று சொல்கிறேன். பார்படோஸில் பல குடும்பப் பெயர்கள் முதலாளிகளிடமிருந்து வந்தவை. அவரிடம் அதைத் துருவாதே. அவராகச் சொன்னால் பொறுமையாகக் கேள்.

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கொஞ்ச நாள் பிடிக்கும். வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போன் பண்ணு. அவர் பக்கத்தில் இருந்தால் அவரிடமும் கொடு. இங்கிலீஷில் நான் பேசிக்கொள்வேன்.

அப்பா