வெண்ணாற்றுப் படித்துறையில் நாலு பேர்

நீடாமங்கலம்,
22.6.2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் இதைப் பேச உனக்கும் வாய் வந்திருக்காது, எனக்கும் வந்திருக்காது.

முதலில் ஊர்ச் சேதி. 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள் அல்லவா, நேற்று வெண்ணாறு பிரிகிற மூணாறு தலைப்பில் போய் நின்று பார்த்தேன். வெங்காயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வருகிறது. போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை நட்டுவிட்டார்கள், மற்றவர்கள் நாற்றங்காலோடு நிற்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான்.

இனி உன் அக்கா மகன் விஷயம். பதினாலு மாசம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவன் வாசலுக்கே வரமாட்டேன் என்கிறான், ஒரு வேலையில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுவானா என்று கேட்டிருக்கிறாய். வேலை வேண்டும்தான். ஆனால் அது மட்டும் போதாது. பட்டவன் சொல்கிறேன்.

அந்த வரப்புத் தகராறுக்கு ஆறு வருஷம் திருச்சி ஜெயிலில் கழித்துவிட்டு வந்தேனே, அப்போது முதலில் கும்பகோணத்தில் ஒரு கடையில் சேர்ந்தேன். உனக்கு இதைச் சொன்னதில்லை. கடைக்குப் பின்னால் கக்கூஸ். கதவு சாத்தியிருந்தது, பூட்டு கிடையாது. நான் அதன் முன்னால் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறேன். யாராவது வந்து திறப்பார்கள் என்று! ஆறு வருஷமாக ஒரு கதவையும் நானாகத் திறந்ததில்லை, கைக்கு அது மறந்தே போயிருந்தது. பின்னால் வந்த பையன் சிரித்துவிட்டு ஒரு தள்ளுத் தள்ளினான். சாயங்காலம் ஆறு மணியானால் லாக்கப் நேரம் வந்துவிட்டதென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பத்தாம் நாள் கல்லாவில் ஐநூறு ரூபாய் குறைந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கணக்கில்தான் தப்பு என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்குள் நான் பஸ் ஏறிவிட்டிருந்தேன்.

அப்புறம் நான் வந்து சேர்ந்த இந்த ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரும் உள்ளே இருந்தவர், பாளையங்கோட்டையில். என்ன கேஸ், எத்தனை வருஷம் என்று ஒன்றும் கேட்கவில்லை. களத்தில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே வந்தவர், பக்கத்தில் வந்ததும், "ஆறு மணிக்கு வயித்தைக் கலக்குதா?" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். "எனக்கு எட்டு மாசம் இருந்துச்சு. போயிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சாலுக்குப் போய்விட்டார். பெண்டாட்டியிடம்கூட நான் சொல்லாதது அது.

அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. இப்போது நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெண்ணாற்றுப் படித்துறையில் உட்காருகிறோம். சரியாக ஆறு மணிக்கு, வேண்டுமென்றே. கேஸைப் பற்றிப் பேச்சே கிடையாது. டீ, முறுக்கு, எவன் வீட்டில் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, எவனுக்குக் கூலி பாக்கி, இப்படித்தான் போகும். சங்கம் என்று பேர் வைக்கலாம் என்றான் ஒருவன். பேர் வைத்தால் போர்டு வரும், போர்டு வந்தால் ஒருத்தனும் வரமாட்டான் என்று அடக்கிவிட்டேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் படித்துறை போதாது மாப்ளே. போன ஐப்பசியில் எங்களில் ஒருத்தன் தூக்கமில்லாமல், சோறு இறங்காமல், "இனி இருந்து என்ன ஆகப்போகுது" என்று ஆரம்பித்தான். அன்று ராத்திரியே 14416-க்குப் போன் போட்டோம். டெலி மானஸ் என்று அரசாங்கம் நடத்துவது, காசு கிடையாது, எந்த நேரமும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். விடிய விடிய ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கூடவே இருந்தோம். காலையில் திருவாரூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போய், மனநல டாக்டரைப் பார்க்க அவனோடு வரிசையில் நின்றேன். மாத்திரை சாப்பிடுகிறான், இப்போது வேலைக்கும் போகிறான். பையன் அப்படி ஒரு வார்த்தை விட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, ஜாமீன் நிபந்தனைக் கையெழுத்து. தினமும் பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் போய் நிற்கிறவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? போன வேலையை அவன் விட்டது சோம்பேறித்தனத்தால் என்று மாமா சொல்வதாக எழுதியிருக்கிறாய். எனக்கென்னவோ அந்தப் பத்தரை மணிதான் காரணம் என்று படுகிறது. நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போடச் சொல்லி வக்கீலை நெருக்கு. அப்புறம், நம் நாட்டு ஜெயில்களில் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே ஆகாதவர்கள். அக்கா வீட்டுத் தெருவுக்கு இதையெல்லாம் புரியவைக்க முடியாது. பையனுக்காவது சொல்லு, அவனே தன்னைக் குற்றவாளி என்று முடிவுகட்டிக்கொண்டிருப்பான்.

எங்கள் மில் முதலாளியிடம் பேசிவிட்டேன். கேஸ் இருப்பதை மறைக்கவில்லை. மறைத்து, பிறகு அவர் காதுக்கு வேறு வாயால் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாய்தா நாளில் லீவு, கையெழுத்து இருக்கிறவரை பதினொன்றரைக்கு வந்தால் போதும் என்றார், கூலியில் கொஞ்சம் குறையும். களத்தில் யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை. சொல்வதும் சொல்லாததும் அவன் பாடு.

30-ஆம் தேதி திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு மன்னார்குடியில் பஸ் ஏறச் சொல், நான் நீடாமங்கலம் ஸ்டாண்டில் நிற்கிறேன். அதுவரை அக்காவிடம் சொல்லிவை: ராத்திரி அவன் படுக்கிற இடத்தில் கதவைச் சாத்த வேண்டாம். விடியற்காலை எழுப்பவும் வேண்டாம். ஜெயிலில் எண்ணிக்கை எடுக்கிற நேரத்துக்கு அவனே எழுந்து உட்கார்ந்திருப்பான். ஒரு டம்ளர் காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகட்டும், ஒன்றும் கேட்காமல்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்