எண்ணெய்த் தாரை

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் யோகா வகுப்பைப் பற்றி நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "ஆசனம், மூச்சுப் பயிற்சி எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா. கடைசி அரை மணி நேரம் ஆர்மோனியத்தை வெச்சுக்கிட்டு கிருஷ்ணா, கோவிந்தான்னு பாடறாங்க. பக்தி யோகமாம். நான் பாயைச் சுருட்டிக்கிட்டு வெளியே வந்துடறேன்" என்றாய். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அம்மாவுக்காக நாம கும்பிடாத சாமியா?" என்று கேட்டுவிட்டு, பாலக்கோட்டில் மழை உண்டா என்று பேச்சை மாற்றிவிட்டாய்.

நான்கு நாளாக அந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கிறது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

நேற்று செக்கில் கடலை ஆட்டினோம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ மூட்டை மேல் உட்கார்ந்து, நான் தகரத்திலிருந்து பாட்டிலுக்கு எண்ணெய் ஊற்றுவதையே பார்ப்பாய், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினால் சலசலக்கும், தெறிக்கும், நடுநடுவே அறுந்து விழும். எண்ணெய் தகரத்தின் வாயில் ஒரு விரல் கனத்துக்குப் புறப்பட்டு, இறங்க இறங்க நூலாகி, புனலுக்குள் சத்தமே இல்லாமல் போகும். கை கொஞ்சம் ஆடினால் தாரை வளையும், அறுபடாது. ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. கண்ணாடிக் கம்பி என்று நினைத்து ஒருநாள் நீ அதைப் பிடிக்க விரலை நீட்டினாய். கையெல்லாம் எண்ணெயாகி அம்மாவிடம் திட்டு வாங்கினாய்.

1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர், பக்தி என்றால் என்ன என்று விளக்க இந்தத் தாரையைத்தான் எடுத்துக்கொண்டார். தைலதாரை என்பார்கள். இறைவனைப் பற்றிய நினைவு எண்ணெய்த் தாரை போல அறுபடாமல் ஓட வேண்டும், அதுதான் தியானம். அந்த நினைவில் பிரியம் கலந்து, நேரில் பார்ப்பது போலவே தெளிவாகிவிட்டால் அதற்குப் பெயர் பக்தி. நாற்பது வருஷமாக எண்ணெய் ஊற்றுகிறவன் நான். எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உனக்கும் இது தெரிந்த விஷயம்தான். அம்மாவை நினைக்க நீ கண்ணை மூடி உட்கார வேண்டியிருக்கிறதா? கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது, ரயிலில் நிற்கும்போது, வேலை பார்க்கும்போது, அடியில் அந்த நினைவு ஓடிக்கொண்டேதானே இருக்கிறது? அப்படி ஒரு நினைவை மனுஷன் பக்கமிருந்து இறைவன் பக்கம் திருப்புவதைத்தான் பெரியவர்கள் யோகம் என்றார்கள். யோகம் என்றால் சேருவது. ஆசனம் உடம்பைப் பழக்கும், பிராணாயாமம் மூச்சைப் பழக்கும். பிரியத்தைப் பழக்குவது பக்தி. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியும், கடைப்பிடிக்கச் சொன்ன நியமங்கள் ஐந்தில் ஒன்றாக ஈசுவரப் பிரணிதானத்தை, அதாவது இறைவனிடம் ஒப்படைப்பதை, வைத்திருக்கிறார். ஆகவே உன் ஆசிரியர் அந்தப் பாட்டை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

அம்மா படுத்திருந்தபோது நான் வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். தீர்த்தமலை ஏறி, இராமர் தீர்த்தத்தில் குளித்து, மொட்டை போடுகிறேன் என்று. அவள் போன பிறகு நான் மலை ஏறவில்லை. ஊர்க் கோயில் பக்கமும் ஒரு வருஷத்துக்கு மேல் போகவில்லை. காரியம் கேட்டேன், நடக்கவில்லை, அப்புறம் என்ன உறவு என்று இருந்தேன். அப்படி வேண்டிக்கொண்டது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. கீதையின் ஏழாவது அத்தியாயத்தில், என்னைத் தேடி வருகிறவர்கள் நான்கு வகை என்கிறார் கிருஷ்ணர். துன்பத்தில் அழுகிறவன், தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன், பொருள் வேண்டுகிறவன், ஞானி. ஞானியைத் தனியாக உயர்த்திச் சொன்னாலும், நால்வரும் நல்லவர்களே என்றுதான் சொல்கிறார். அழுதுகொண்டு போனவனை அவர் தள்ளவில்லை.

போன வருஷம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தார்கள். பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து. துகில் உரிகிற அன்று பக்கத்து வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போனார். அந்தக் காட்சிக்கு முன்னால் மேடையில் கற்பூரம் காட்டினார்கள். திரௌபதி வேஷம் கட்டியவருக்கு என் வயது இருக்கும். அரிதாரம் வேர்வையில் கரைந்து கழுத்து வரை வழிந்திருந்தது. துச்சாதனன் முந்தானையை இழுக்க, அவர் கொசுவத்தைப் பிடித்திருந்த பிடியில் கை முட்டியெல்லாம் புடைத்து நின்றது. முதலில் ஒரு கையை மட்டும் தூக்கிக் கூப்பிட்டார். மற்ற கை சேலையை விடவில்லை. மத்தளம் ஓங்கிக்கொண்டே போனது. அப்புறம் அந்தக் கையின் விரல்களும் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. இரண்டு கையும் மேலே போயின. பெண்கள் பக்கத்திலிருந்து "கோவிந்தா" என்று எழுந்த சத்தத்தில் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன், பாப்பா. அம்மா காரியத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை.

இதைத்தான் சரணாகதி என்று வைணவப் பெரியவர்கள் சொல்வார்கள். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். திரௌபதி எடுத்த எடுப்பில் கையைத் தூக்கிவிடவில்லை. தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று சபையில் நியாயம் கேட்டாள். பீஷ்மரே பதில் சொல்லத் திணறினார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுத்தான் கையை விட்டாள். நாமும் அம்மாவை எத்தனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். நீ லீவு போட்டு வந்து எத்தனை ராத்திரி முழித்திருந்தாய். அதில் நமக்கு எந்தக் குறையும் இல்லை. அவள் போன பிறகும் இரண்டு பேரும் கொசுவத்தைப் பிடித்தபடியேதான் நின்றிருந்தோம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

உன் கோபத்தைப் பற்றியும் சொல்கிறேன். பிரகலாதன் சொன்ன ஒன்பது வகை பக்தியில் எட்டாவது ஸக்யம், தோழமை. நம் சுந்தரர் அந்த வழிக்காரர். இரண்டு கண்ணும் போய், காஞ்சியில் ஒரு கண் மட்டும் திரும்பக் கிடைத்து, அந்த நிலையில் திருவாரூருக்கு வந்து நிற்கிறார். உன் அடியார்கள் இப்படித் தவிக்கும்போது பேசாமல் இருக்கிறாயே, "வாழ்ந்து போதீரே" என்று சிவனைப் பார்த்துப் பாடுகிறார். நீரே நன்றாக வாழ்ந்துவிட்டுப் போம் என்று சண்டை. அங்கேதான் மற்றக் கண்ணும் வந்தது என்கிறது பெரியபுராணம். அந்தச் சண்டைப் பாட்டைத் தேவாரத்தில் வைத்து இன்றைக்கும் கோயிலில் ஓதுகிறார்கள். நீ பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போகிறாயே, அதுகூட யாரோ ஒருவர் எதிரே இருக்கிறார் என்று நினைத்துச் செய்கிற காரியம்தான். யாரும் இல்லாத இடத்தில் யார் கோபித்துக்கொள்வார்கள்?

பக்தி நிலைக்க ஏழு சாதனங்கள் வேண்டும் என்றும் இராமானுஜர் எடுத்துச் சொல்கிறார். சாப்பாட்டில் சுத்தம், திரும்பத் திரும்பப் பழகுவது என்று போகும். அதில் ஒன்று அனவசாதம். துக்கத்தில் மனசு உட்கார்ந்துவிடாமல் இருப்பது. அதைப் படித்த அன்று எனக்குப் பெரிய ஆறுதல். காலையில் எழுந்து குளித்து, செக்கைக் கழுவி, வந்தவர்களுக்குக் கடலையை நிறுத்துப் போட்டுக்கொண்டு இருப்பதே சாதனையில் சேரும் என்று ஆகிறது இல்லையா? நீ அந்தக் குளிரில் விடியற்காலையில் எழுந்து வகுப்புக்குப் போகிறாயே, அதுவும்தான்.

அடுத்த வாரம் அவர்கள் பாட ஆரம்பிக்கும்போது கொஞ்ச நேரம் இருந்து பார். பாட வேண்டாம். கோபம் வந்தால் கோபத்தோடேயே இரு. அம்மா ஞாபகம் வந்தால் வரட்டும்.

நேற்று ஆட்டிய எண்ணெய் தெளிய இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். உன் சிநேகிதியின் அண்ணன் பத்தாம் தேதி கிளம்புகிறாராம். இரண்டு லிட்டர் நன்றாகச் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன். விளக்குக்கென்று நல்லெண்ணெய் தனியாக ஒரு சின்ன பாட்டிலில் வைத்திருக்கிறேன். ஏற்றுவதும் ஏற்றாததும் உன் இஷ்டம்.

அன்புடன்,
அப்பா