ஆலாவுக்கு மீன் தந்த அக்காவுக்கு

புயலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அவரவர் கூரையே சொல்லும். எங்கள் சம்பா வயல் வரப்பில் அது தள்ளிவிட்டுப் போன கடல் பறவை நேற்றுக் காலை கோடியக்கரையில் பறந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

படத்தைப் பார்த்ததும் "சூட்டி டெர்ன், ஆலா வகை" என்ற நண்பர், சிறகைத் தடவிப் பார்த்து எலும்பு முறியவில்லை என்ற கால்நடை மருத்துவர், ரோடு திறக்கும்வரை போனிலேயே வழி சொன்ன வனக்காப்பாளர், நாய்களை விரட்டிய தெருப் பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி.

மீன்கார அக்காவுக்கு மட்டும் ஒரு வரி போதாது. படகே போகாத நாட்கள் அவை. கருவாட்டை அது சீந்தவில்லை. குழம்புக்கென்று தன் வீட்டுக்கு எடுத்து வைத்திருந்த நெத்திலியை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தார். அப்புறம் தினமும் மாமனாரை உப்பனாற்றில் வீச்சுவலை போடச் சொல்லி, கிடைத்த பொடிமீனைத் தூக்குவாளியில் கொண்டு வந்தார். "தலைப்பக்கமா குடு தம்பி, வாலு முன்னாடி போனா செதில் குத்தும்" என்று ஊட்டவும் காட்டிக் கொடுத்தார். காசு நீட்டியதற்குக் கோபம்தான் வந்தது. "நடுக்கடல்ல சூரை மீனு எங்க கிடக்குதுன்னு எங்க ஆளுங்களுக்குக் காட்டுறதே இதுங்கதான். இதுக்குப் போயி காசா?"

எந்தத் தீவில் பொரித்ததோ. லட்சத்தீவில் பிட்டி என்று ஒரு மணல் திட்டு, இந்த ஆலாக்கள் கூடிக் குஞ்சு பொரிக்கும் சரணாலயம். மொத்தமே மூன்று ஏக்கர்தான். மரம் கிடையாது, ஆள் குடியிருப்பும் கிடையாது. வெறும் தரையில் ஒரே ஒரு முட்டை. பறக்கத் தெரிந்து கிளம்பும் குஞ்சு, தான் முட்டையிடத் திரும்புவதற்குள் பல வருஷம் கடல்மேலேயே சுற்றுமாம். அப்படிப்பட்டது தலைஞாயிறு பக்கம் சேற்றில் கிடந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

இனி ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வரப்பு வரப்பாக நடந்து பார்ப்பேன். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியும் பழைய துண்டும் தயாராக இருக்கின்றன. உங்கள் பக்கம் எது விழுந்து கிடந்தாலும் வனத்துறைக்குச் சொல்லுங்கள், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடல் பறவைதானே என்று குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த ஆலாவின் இறகில் தண்ணீர் ஊறிவிடும், நெடுநேரம் மிதக்காது.