இன்வெர்ட்டர் வாங்குற டிரைவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஓசூர்ல இருந்து பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்கு குட்டி யானையில காய்கறி ஏத்திட்டு வர்றவன் நான். போன மாசம் விடியக்காலை அத்திப்பள்ளி தாண்டி டயர்ல காத்து இறங்கிடுச்சு, கையில வீட்டு கரண்டுல ஓடுற 300 வாட்ஸ் கம்ப்ரஸர் (காத்தடிக்கிற மெஷின்), வண்டி பேட்டரி கரண்ட வீட்டு கரண்டா மாத்துறதுக்குன்னு புதுசா வாங்கின இன்வெர்ட்டர் ரெண்டும் இருக்கு, ஸ்விட்ச் போட்டதும் இன்வெர்ட்டர் கீன்னு கத்திட்டு நின்னுபோச்சு.

கடையில 300 வாட்ஸுக்கு 300 வாட்ஸ் இன்வெர்ட்டர் போதும்னுதான் குடுத்தாங்க. ஆனா மோட்டார் கிளம்புற அந்த ஒரு நொடியில ரெண்டு மூணு மடங்கு, சில மோட்டார் அதுக்கும் மேல இழுக்கும், அதனால 1000 வாட்ஸாவது வாங்குங்க, அதுவும் பெட்டியில போட்டிருக்கற வாட்ஸ் பீக்கா (கொஞ்ச நேரம் மட்டும் குடுக்கறது) இல்ல தொடர்ந்து குடுக்கறதான்னு கேட்டு வாங்குங்க. வீட்டு கரண்ட் மாதிரியே சீரா குடுக்கற ‘ப்யூர் சைன் வேவ்’ இன்வெர்ட்டர்னா மோட்டார் அவ்வளவா சூடாகாது.

சிகரெட் லைட்டர் பாயிண்ட்ல மட்டும் சொருகாதீங்க, 12 வோல்ட்ல 300 வாட்ஸ்னா 25 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அந்த ஃப்யூஸ் தாங்காது. பேட்டரியில இருந்தே தடிமனான ஒயர் எடுத்து, பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ் போடணும், இஞ்சின் ஓடிட்டே இருக்கணும். பெரிய லாரி 24 வோல்ட், அதுல 12 வோல்ட் இன்வெர்ட்டர மாட்டினா எரிஞ்சிடும்ங்க!

சின்ன வண்டிக்கு பேட்டரியில நேரா கிளிப் மாட்டுற 12 வோல்ட் கம்ப்ரஸரே போதும், இன்வெர்ட்டரே வேணாம். இத யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா அன்னிக்கு லோடு வாடியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வண்டி டிரைவர், பொம்மனஹள்ளி, பெங்களூரு